கைமாற்றாகப் போன கார்மேகம்

அலுமினியக் கம்பெனி கூடைப்பந்து அணி ரசிகர் மன்றத்தின் நிறுவனத் தலைவர் என்ற முறையில், ஷார்ஜா தொழிற்பேட்டையின் விளையாட்டு வரலாற்றையே திருப்பிப்போட்ட ஓர் உண்மையை இன்று நாட்டுக்கு அறிவிக்கிறேன். அதற்கு முன் ஒரு வார்த்தை. என் பெயர் வைரவன். கேம்ப் மெஸ்ஸில் சமையல் மேற்பார்வை. மதியச் சாம்பாரை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை எனக்கு வேலை கிடையாது. அதனால்தான் பொதுவாழ்வுக்கு வந்தேன்.

மன்றத்தில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் பதவி உண்டு. சாதாரண உறுப்பினர் என்று யாரும் கிடையாது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் லாரி நிறுத்தும் திடலில் கம்பெனிகளுக்குள் ஆட்டம் நடக்கும். வளையம் எங்கள் பட்டறையில் வெல்டு வைத்தது. எங்கள் சென்டர் ஆட்டக்காரன் கார்மேகம், பாலிஷ் செக்‌ஷன், பெரியகுளம் பக்கத்துக்காரன். அந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கூடைப்பந்து ஆடுவார்கள். அவன் குதித்தால் வளையம்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பாதி சீசன் முடிந்தபோது நாங்கள்தான் முதலிடம்.

அப்போதுதான் எங்கள் மேனேஜர் தியாகு ஆட்களை மாற்ற ஆரம்பித்தார். முதலில், பந்தைக் கடத்திக்கொண்டு போவதில் கெட்டிக்காரனான ஃபிலிப்பினோக்காரனை ஓமனில் இருக்கும் சோஹார் கிளைக்கு அனுப்பிவிட்டு, முழங்கால் வலியோடு ஒரு வெல்டரை வரவழைத்தார். மன்றம் கூடிக் கண்டனம் தெரிவித்தது. நானும் தலைவர் என்ற முறையில் தியாகுவின் தட்டில் அப்பளம் வைப்பதை நிறுத்தினேன். அவர் கவனிக்கவில்லை.

அடுத்து கார்மேகம். எதிர்ச்சாரியில் இருக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு அவனைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு கௌஸ் முகம்மது என்ற ஃபோர்க்லிஃப்ட் டிரைவரை வாங்கினார். கௌஸ் முகம்மது நல்ல மனிதர். வண்டியின் உதவியில்லாமல் எதையும் உயரத்தில் வைத்தவரில்லை.

"சீசன் நடுவுல சென்டரைக் குடுக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"என்ன சீசன்? மாம்பழ சீசனா? யோவ், எனக்குக் கண்டெய்னர் இறக்கணும்யா. போய்க் கொழம்பப் பாரு."

ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே கம்பெனிகள் ஆளைக் கைமாற்றாகக் கொடுப்பது, பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை வாங்குவது மாதிரி. விசா ஒரு கம்பெனியில் இருக்கும், ஆள் இன்னொரு கம்பெனியில் இருப்பான். வழக்கப்படி அது உதவி, சட்டப்படி குற்றம். அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷக் கடைசி. விசா இல்லாமல் தங்கியவர்களுக்கான பொது மன்னிப்பு முடிந்த கையோடு, சோதனை வண்டிகள் கேட் கேட்டாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை கார்மேகம் பச்சைப் பனியனில் வந்தான். எங்களைத் தோற்கடித்தான். ஆட்டம் முடிந்ததும், ஒன்றுமே நடக்காதது மாதிரி என் மெஸ்ஸுக்கு டீ குடிக்க வந்தான்.

"என்னண்ணே, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?"

"தாய்க்கழகத்தை மறந்துட்டியேடா."

"அட போங்கண்ணே. அந்த ஆர்டர் முடிஞ்சா திரும்பி வந்துருவேன். ஃபைனலு நமக்குத்தேன் ஆடுவேன், மேனேஜரே சொல்லிட்டாரு. எனக்கென்ன, இன்னும் ஒரு வருசம் ஓட்டிட்டா வீட்டுக்குத் தளம் போட்டுருவேன். மழ பேஞ்சா சுசீலா சட்டியத் தூக்கிக்கிட்டு ஒழுகுற எடமெல்லாம் ஓடுறா."

பிறகு அந்தக் கம்பெனியைப் பற்றி ஏதோ ஒரு சின்ன விஷயம் சொன்னான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. போகும்போது குரலைத் தாழ்த்தினான்.

"விசா இன்னும் இங்கனதேன் இருக்கு. செக்கிங் வந்தா பின்கேட்டு வழியா ஓடியாந்துருவேன். யார்ட்டயும் சொல்லிராதீகண்ணே."

நான் நிதானமாக யோசித்தேன். தனிமனிதனைவிட அணி பெரியது. கொள்கை இல்லாத ஆட்டம் வெறும் பந்து உருட்டல். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை யாராவது மதிக்கத்தானே வேண்டும். கடைத்தெருவுக்குப் போய்ப் பொதுத் தொலைபேசியில் குடியேற்றத் துறை அதிகாரியிடம் பேசினேன். எனக்குத் தெரிந்த இந்தியில், மரியாதையாகவே பேசினேன். கம்பெனிப் பெயர், செக்‌ஷன், ஆளின் உயரம் எல்லாம் சொன்னேன். பின்கேட்டைப் பற்றியும் சொன்னேன். தகவல் கொடுத்தால் முழுமையாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டு கேட்டிலும் வண்டி நின்றதாம். கார்மேகத்தைப் பிடித்து விசாரித்துவிட்டு, அதிகாரிகள் சாலையைக் கடந்து வந்து கௌஸ் முகம்மதுவையும் ஏற்றிக்கொண்டார்கள். அது என் திட்டத்தில் இல்லை. ஆனாலும் ஆட்டக்காரர் என்ற வகையில் அவர் ஓர் இழப்பு அல்ல.

உள்ளேயிருந்து கார்மேகம் எனக்குத்தான் போன் செய்தான். "எவனோ போட்டுக் குடுத்துட்டான்ணே. கைரேகை எடுத்துட்டாக, இனி இந்த நாட்டுக்குள்ள வரவே முடியாதாம். என் பெட்டிய மட்டும் குடுத்து விட்டுருங்கண்ணே." பெட்டியை நானே அடுக்கினேன். சட்டைகளை மடித்து வைத்து, மேலே எங்கள் அணியின் பனியனை வைத்தேன். மன்றம் கூடி வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவன் நான்.

சில வாரம் கழித்து அவன் மனைவி சுசீலா ஊரிலிருந்து பேசினாள். "உங்களத்தேன் கூடப்பொறந்த அண்ணன் மாதிரின்னு சொல்லுவாக. வேற எங்கயாச்சும் ஒரு விசா பாத்துக் குடுங்கண்ணே. மனுசன் தின்னது செமிக்காம செவத்தப் பாத்துப் படுத்துருக்காரு." முயற்சி செய்வதாகச் சொன்னேன். தளம் போடாத வீட்டில் காற்று நன்றாக வரும் என்றும் ஆறுதல் சொன்னேன்.

இறுதி ஆட்டத்தில் சென்டர் இல்லாமல் தோற்றோம். கண்டெய்னரை இறக்க ஆளில்லாமல், மன்றத்தின் மற்ற நால்வரையும் தியாகு சுமை தூக்கப் போட்டுவிட்டார். அதன்பின் மன்றம் கூடவில்லை. நான் இன்னும் தலைவர்தான். செய்தது அத்தனையும் அணிக்காகச் செய்தேன். என் மனசாட்சியில் ஒரு கறை கிடையாது.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போனது. அன்று டீ குடிக்கும்போது கார்மேகம் சொன்ன சின்ன விஷயம், அந்தக் கம்பெனி மெஸ்ஸில் சாம்பார் நன்றாக இருக்கிறது என்பது.