அணையை வெட்டின ஆள்

இல்லை ஐயா, உதிலை காலை வைக்காதேங்கோ, சேறு விழுங்கிப்போடும். இப்பிடி வந்து வாங்கிலை இருங்கோ. அணை பாக்க வாற ஓவசியர் எண்டால் ஒரு நரைச்ச ஆள் வருமெண்டு பாத்தன், நீங்கள் சின்னப்பிள்ளை. தம்பி எண்டே சொல்லுறன், என்ன? மோரைக் குடியுங்கோ. என்ரை மனுசன், அதுதான் எங்கடை நடுத்திட்டிச் சங்கத் தலைவர், கிணத்தடியிலை தோயுறார். அரை மணித்தியாலம் செல்லும். தோயிறதுக்கும் அவரிட்டை ஒழுங்குவிதி இருக்கு.

ஓம், அவர்தான் பெட்டிசம் போட்டவர். ஏழு பக்கமோ! எங்களுக்குக் கலியாணம் பேசி முடிச்ச காலத்திலை எனக்கு எழுதின காயிதம் நாலே வரி.

விசயம் இதுதான். யாழ்ப்பாணத்திலை ஆறெண்டு சொல்ல இந்த வழுக்கியாறு ஒண்டுதான், அதுவும் மாரிக்குத்தான் ஓடும். அது கடலுக்கை இறங்கிற வாயிலை கிடக்குது எங்கடை திட்டி. பாருங்கோ, பாய் விரிச்ச மாதிரி, ஒரு மேடு இல்லை. சுத்திவர மண் அணை. கடல் ஏறேக்கை மதகுப் பலகையைப் போட்டு உப்புத்தண்ணியை மறிக்கோணும், வத்தேக்கை கழட்டி மழைத்தண்ணியை விடோணும். இவ்வளவுதான் வேலை. இதுக்கு ஒரு சங்கம், ஒரு பூட்டு, ஒரு திறப்பு. பலகையிலை கை வைக்க அஞ்சு பேரின்ரை கையெழுத்தாம்.

கார்த்திகையிலை மூண்டு நாள் விடாமல் பெய்ததெல்லே? உள்ளுக்கை பதினாறு குடும்பம். இளையதம்பியின்ரை மனுசி பிள்ளைப்பெத்து ஒம்பது நாள், கட்டில் சட்டத்திலை தண்ணி முட்டுது. திறப்பைத் தாங்கோ எண்டன். மனுசன் என்ன செய்தது தெரியுமோ? நாலு கையெழுத்து வந்திட்டுதாம், அஞ்சாவது ஆள் நாகலிங்கம் நீர்வேலியிலை மகள் வீட்டை நிக்கிறாராம். திறப்பையும் மடியிலை முடிஞ்சுகொண்டு சைக்கிளிலை வெளிக்கிட்டார். குடையும் பிடிச்சுக்கொண்டு!

சிரிக்காதேங்கோ தம்பி. சரி, சிரியுங்கோ.

அவர் பொழுதுபடத் திரும்பி வாறதுக்கிடையிலை அணை வெட்டுப்பட்டிட்டுது. கடல் வத்தின நேரம் பாத்துத்தான் வெட்டினது. தண்ணி எல்லாம் இறங்கிச்சுது, தாயும் பிள்ளையும் தப்பிச்சினம். ஆனால் பிறகு கடல் ஏறேக்கை வெட்டின பக்கத்து வயலிலை உப்பு ஏறிட்டுது. எங்கடை ஆறு பரப்புக் காணிதான். வேறை ஒருத்தரின்ரையும் இல்லை.

செபநாயகம் வெட்டினது எண்டோ எழுதியிருக்கு? எழுதுவார். செபநாயகம் இறால் பிடிக்கிற மனுசன். மதகைத் திறவுங்கோ எண்டு கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை பிடிக்கிறவர்தான். வெட்டின இடத்திலை நிண்டு வலை வீசினதும் உண்மைதான். எங்களுக்கும் ஒரு கடகம் இறால் தந்தவர். தலைவர் ரெண்டுதரம் குழம்பு விட்டுச் சாப்பிட்டிட்டுத்தான் பெட்டிசம் எழுதக் குந்தினவர்.

என்ன, பொலிசுக்கோ? ஐயோ தம்பி, இந்தக் காலத்திலை ஒரு ஆளைப் பிடிச்சுக்கொண்டு போனால் எங்கை எண்டு ஆரைப் போய்க் கேக்கிறது? நாலு பிள்ளையள் அந்தாளுக்கு.

செபநாயகம் வரேக்கை வெட்டி முடிஞ்சுது. நான்தான் கூப்பிட்டனான், இறால் ஓடுது அண்ணை, வலையைக் கொண்டு வாங்கோ எண்டு. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நிண்டு கூப்பிட்டனான்.

ஓமோம், நான்தான். எங்கடை பக்கத்தை ஏன் வெட்டினதோ? மற்றவையின்ரை வயலை அழிக்க எனக்கென்ன உரித்து? பயிர் கருகினதைப் பாத்து மூண்டு நாள் அழுதனான், அது வேறை.

செபநாயகத்தின்ரை பேரை அழிச்சுப்போட்டு கமலாவதி எண்டு எழுதுங்கோ. என்ரை மனுசனுக்கோ? இன்னும் தெரியாது. உந்தா, வாறார். இப்ப ஒண்டும் கதையாதேங்கோ தம்பி, முதல் சாப்பிடட்டும். கோவம் வந்தால் மனுசன் சோத்திலை கை வையாது.