பதினொராவது வரி

இல்லைப் பிள்ளை, இங்கிலிஷ் படிக்கேல்லை. ஊரில பள்ளிக்கூடத்தில படிச்ச இங்கிலிஷ் எனக்குக் காணும், அவ்வளவு போதும். இது துருக்கிக்காரர் இங்கிலிஷ் படிக்கிற புத்தகம். நான் தலைகீழாப் படிக்கிறன். இங்கிலிஷைப் பிடிச்சுக்கொண்டு துருக்கிப் பாசைக்குப் போறன்.

சிரிக்காதேங்கோ, எனக்கு விசர் வருது. இந்தப் பக்கத்தைப் பாருங்கோ. கெற் எண்ட ஒரே இங்கிலிஷ் சொல். வாங்கினாலும் கெற், இந்த ட்ராமால இறங்கினாலும் கெற், கோவம் வந்தாலும் கெற், விளங்கினாலும் கெற். துருக்கியில ஒவ்வொண்டுக்கும் வேற வேற சொல். இருபத்திமூண்டு வரி. எனக்குத் தேவை ஒரு வரி. ரெண்டு கிழமையா முழுப்பக்கத்தோடயும் மல்லுக்கட்டுறன்.

ஜேர்மன் புத்தகமோ? என்ர ஜேர்மன் ஆஸ்பத்திரிக் குசினியில கேட்டுப் பழகினது. கதைப்பன், வாசிக்க ஏலாது.

நெஜாத்தி எண்ட துருக்கிக்காரனும் அங்கதான். இருபது வருசம் பக்கத்தில பக்கத்தில நிண்டு சட்டி கழுவினனாங்கள். ரெண்டுபேரும் கதைச்சது பிழையான ஜேர்மன்தான், ஆனா எங்களுக்குள்ள ஒருநாளும் விளங்காமல் போகேல்லை. என்ர மனிசி புஷ்பவதிக்குக் கிட்னி பழுதான நேரம், கிழமைக்கு மூண்டுதரம் டயலிசிசுக்கு அவன்ர காரிலதான் போனவ. எனக்குக் கார் ஓடத் தெரியாது.

மாசியில அவனுக்குப் பாரிசவாதம் வந்திட்டுது. ஜேர்மன் முழுக்க மறந்து போட்டுது, துருக்கி மட்டும்தான் மிச்சம். ஒவ்வொரு புதனும் போய்ப் பாக்கிறன். கண்ட உடன ஏதோ சொல்லுவான். அதில புஷ்பா எண்டது மட்டும்தான் எனக்குப் பிடிபடும். அவவை நினைச்சுக் கதைக்கிறானாக்கும் எண்டு நானும் தலையாட்டிக்கொண்டிருந்தன்.

போன மாசம் அவன்ர மகள் செல்மாவும் பக்கத்தில நிண்டவள். அங்கிள், விளங்கித்தான் தலையாட்டுறீங்களோ எண்டாள். புஷ்பாவுக்குச் சுகம் வந்திட்டுதோ எண்டெல்லோ அப்பா கேக்கிறார்.

அவ செத்து மூண்டு வருசம். பெட்டி தூக்கினதில அவனும் ஒராள்.

உண்மையைச் சொல்லுங்கோ எண்டு செல்மா ஒற்றைக்காலில நிக்கிறாள். சொன்னா அழுவான். அடுத்த புதன் மறந்துபோய்த் திரும்பக் கேப்பான். கிழமைக்குக் கிழமை அவ புதுசாச் சாகவேணுமோ? நான் ஒருக்காப் பாத்தது காணும்.

ஆனா விசயம் தெரிஞ்ச பிறகு என்ர தலை முந்தின மாதிரி ஆடுதில்லைப் போல. அவன் நம்புறானில்லை. வாயால சொல்லு எண்ட மாதிரி வாயைத் தொட்டுக் காட்டிக் காட்டிக் கட்டிலில அடிக்கிறான். சுகம் வந்திட்டுது எண்டதுக்குத் துருக்கியில என்ன எண்டு செல்மாவைக் கேட்டா, அந்தச் சொல்லைத் தரமாட்டாளாம். பொய்க்குத் துணை வரமாட்டாளாம்.

ஃபோனோ? அதையும் துருக்கியில கதைக்க விட்டுப் பாத்தனான். அவன் ஃபோனைத்தான் பாத்தான், என்னைப் பாக்கேல்லை.

அடுத்த தரிப்பு என்ர. புத்தகத்தைத் தாங்கோ. பதினொராவது வரி, கண்டனீங்களோ? அவவுக்குச் சுகம் வந்திட்டுது. துருக்கியில இயிலெஷ்தி. காலமை துடங்கி வீட்டில சொல்லிச் சொல்லிப் பாத்தனான். பத்தாந்தரம் சொல்லேக்க, பிள்ளை, எனக்கே நம்பிக்கை வந்த மாதிரி இருந்தது.

சரி, வாறன்.