இந்தப் பலகைக்குப் பெரியவர் யாரு?

…இந்தப் பொம்மைப் படைப் போட்டிக்கு நடுவர்னு நிக்கறாரே, அந்த விசில்காரருக்கு என்ன தம்பி தெரியும்? கழுத்துல ஒரு விசிலு, கையில அளக்கற டேப்பு, அவ்வளவுதானே! நான் மேஜையில அடுக்கி வெச்சதைக் குனிஞ்சு ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் பேயறைஞ்ச மாதிரி நிமிந்து, "என்னம்மா இது? ஈட்டிப் படையா, வில்லுப் படையா, துப்பாக்கிப் படையா?"ன்னாரு. கண்ணு முன்னாடிதானே நிக்குது? ஈட்டியும் இருக்கு, வில்லும் இருக்கு, துப்பாக்கியும் இருக்கு. எல்லாம் இருக்குற வீடுதானே நல்ல வீடு! அதுக்கு, "எதிர்ல உக்காந்திருக்கவர் ஒத்துக்கிட்டா ஆடுங்க, இல்லன்னா படையை மூட்டை கட்டுங்க"ன்னுட்டு விறுவிறுன்னு அடுத்த மேஜைக்குப் போயிட்டாரு. எதிர்ல உக்காந்திருக்கவருன்னா நீங்கதானே? அப்ப உங்ககிட்டதான் நான் பேசணும். உக்காருங்க, உக்காருங்க, எழுந்திரிக்காதீங்க. ரெண்டே வார்த்தை.

நான் ஆடறவ இல்ல தம்பி. ஆடறவன் என் பெரிய பையன். லிஃப்ட் ரிப்பேர் பாக்கறான். காலையில ரெண்டு பேரும் செருப்பு மாட்டிட்டோம், படியில எறங்கியாச்சு, போன் வருது. ஏதோ ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுல ஆள் மாட்டிக்கிட்டாங்களாம். அந்தரத்துல நிக்குதாம். இவன் மொகத்தை நீங்க பாக்கணுமே! போகாம இருக்க முடியுமா, சொல்லுங்க? இந்த ரெண்டு டப்பாவையும் என் மடியில வெச்சு பஸ்ஸுல ஏத்திவிட்டு, "அம்மா, நீ போய் எடுத்து மேஜையில வை, நான் ஓடி வந்துடறேன். ஆள் இல்லன்னா பேரை அடிச்சுடுவாங்க"ன்னான். பஸ்ஸு ஒவ்வொரு பள்ளத்துல எறங்கும்போதும், கடவுளே கடவுளேன்னு டப்பாவைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "உள்ளாற என்ன, முட்டையா?"ன்னு கேக்கறாங்க. "இல்லம்மா, சாமுராய்"ன்னேன். அவங்க எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க.

சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. சிரிக்கிறவங்க நல்லவங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், பெரியவன். இந்தப் பையன் ஆசைப்பட்டு எதையும் கேட்டதே இல்ல தம்பி. அவங்கப்பா முதுகு போய்ப் படுத்தப்போ இவன்தான் வேலைக்குப் போனான். தங்கச்சியைப் படிக்க வெச்சான். சட்டை எடுத்துக்கோடான்னா கூட, இருக்கேம்மாம்பான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் ஒரு பாக்கெட்டைக் கொண்டாந்து சமையலறை மேஜையில கொட்டினான். கட்டை விரல் ஒசரம் கூட இல்ல, அத்தனையும் பிளாஸ்டிக் ஆளு! சாம்பல் நிறத்துல, கையி வேற, தலை வேற, வாளு வேற. "அந்தக் காலத்து ஜப்பான் படைம்மா"ன்னான். அவன் கண்ணுல அப்படி ஒரு வெளிச்சம். நான் வெங்காயத்தை நகத்தி எடம் குடுத்துட்டேன். அன்னிக்குக் குடுத்த எடம்தான், இன்னிக்கு வரைக்கும் நாங்க தட்டை மடியில வெச்சுத்தான் சாப்பிடறோம்.

அவங்கப்பா இருக்காரே, அவரு ஒரு கிண்டல் மன்னன். "ஜப்பான்காரன் என்னிக்கோ போட்ட சண்டைக்கு, என் வீட்டுல எனக்கு உப்பு எங்க இருக்குன்னு தெரியல"ம்பாரு. ஆனா நாங்க அந்தப் பக்கம் போனா, பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொருத்தனா பாத்துக்கிட்டிருப்பாரு. நான் பாக்காத மாதிரி இருந்துடுவேன்.

முதல்ல கறுப்புப் பெயிண்டு, அது மேல நெறம், அப்புறம் தண்ணியாக் கரைச்ச பழுப்பு. அது தானா ஓடி இடுக்குலயெல்லாம் எறங்கிக்கும். கவசத்துல பட்டை பட்டையா கயிறு கட்டியிருக்கு பாருங்க, அந்த ஒவ்வொரு கயிறும் என் பையன் போட்டது. லிஃப்டுக் கம்பியைப் புடிக்கிற கை தம்பி அது! முதுகுல கொடி இருக்கே, அது சின்னவ வெட்டிக் குடுத்தது. ஏன்டா ஒவ்வொருத்தனும் முதுகுல கொடியைச் சொருகிக்கிட்டிருக்கான்னு கேட்டேன். கூட்டத்துல யாரு நம்மாளு, யாரு எதிராளின்னு தெரியணும்ல, அதுக்காம். நல்ல ஏற்பாடு. நம்ம சொந்தக்காரங்களுக்கும் குத்திவிட்டா தேவலை.

மொகம் மட்டும் நான். அவனுக்குக் கண்ணு வைக்க வரல, எல்லாரும் முழிச்ச முழியா இருந்தாங்க. நான் ஊசி மொனையில தொட்டு வெச்சேன். ஒவ்வொருத்தனுக்கும், கடவுளே, இவனுக்குக் கண்ணு கோணாம வரணும், இவன் நல்லபடியா இருக்கணும்னு சொல்லிட்டுத்தான் வெப்பேன். அப்படி வேண்டிக்கிட்டு வெச்சா என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொருத்தனுக்கும் ஒரு மொகம் வந்துடும்! இவன் பயந்தாங்கொள்ளி. இவன் தூங்குமூஞ்சி. இவரு மீசைக்காரப் பெரியப்பா. இதோ, இவனுக்குப் பல்லு வலி, நான் கொஞ்சம் சிவப்பு அதிகமா வெச்சுட்டேன்.

என்ன… கடிகாரத்தைப் பாக்கறீங்க? வந்துட்டேன் தம்பி, விஷயத்துக்கு வந்துட்டேன்.

கடைசியில இந்தப் பலகைத் துண்டுல ஒட்டற வேலை மட்டும் பாக்கி. அவனுக்கு விடிய விடிய டூட்டி. "அம்மா, பலகைக்கு நாலு பேரா ஒட்டிடு. ஈட்டிக்காரனோட ஈட்டிக்காரன், வில்லுக்காரனோட வில்லுக்காரன், துப்பாக்கியோட துப்பாக்கி. ஒரு பலகைக்கு ஒரே ஆயுதம், அவ்வளவுதான்"னு சொல்லிட்டுப் போனான். அந்தப் பசை இருக்கே, அது பசையா அது! உடும்புப் புடி! என் விரலே ஒரு குதிரையோட ஒட்டிக்கிட்டு அரை நாள் குதிரையோடதான் நடமாடினேன். அந்தப் பசை மட்டும் கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல. பிரிச்சு மாத்தி ஒட்டியிருக்கலாம். எல்லாம் பசையால வந்த வினை. அப்புறம் இந்த ஆட்டத்துக்குச் சட்டம் எழுதினவங்களால…

ம்? என்ன கேட்டீங்க?

இல்ல… பசை தானா போய் ஒட்டல. ஒட்டினது நான்தான்.

அவன் சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சது தம்பி. பொய் சொல்ல மாட்டேன். ஈட்டிக்காரங்க நாலு பேரை எடுத்து வெச்சேன். நாலும் சின்னப் பசங்க! மொகம் போட்டவளுக்குத் தெரியாதா? அதுல ஒருத்தன் பயந்தாங்கொள்ளி. பெரியவங்க துணையில்லாம நாலு பசங்களை முன்னாடி வரிசையில எப்படி நிறுத்தறது? மனசு கேக்கல. பயந்தாங்கொள்ளிக்குப் பக்கத்துல மீசைக்காரரை வெச்சேன். அவரு கையில வில்லு இருக்கு, இருக்கட்டுமே! அப்புறம் துப்பாக்கிக்காரங்க நாலு பேரை ஒண்ணா வெச்சா, ஒருத்தன் பொகை இன்னொருத்தன் கண்ணுல போகாதா? பிரிச்சு வெச்சேன். தூங்குமூஞ்சி பக்கத்துல சுறுசுறுப்பா ஒருத்தன். பல்லு வலிக்காரன் பக்கத்துல ஒரு சிரிச்ச மொகம். இப்படியே குடும்பம் குடும்பமா… வெச்சு முடிச்சுப் பாத்தா, என்ன அழகா இருந்துச்சு தெரியுமா! எனக்கே கை தட்டணும் போல இருந்துச்சு. மூடியைப் போட்டு மூடிட்டேன். அவன் இன்னும் பாக்கல.

பாத்தா என்ன ஆவான்னு நெனச்சா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. திட்ட மாட்டான். அதான் பயமே. "பரவால்லம்மா"ம்பான். டப்பாவை மூடித் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவான். அந்தப் பரவால்லம்மாவை நான் எத்தனையோ வருஷமா கேக்கறேன் தம்பி. இன்னிக்கு ஒரு நாளாவது அவன் அதைச் சொல்லக் கூடாது. அதான் கெஞ்சறேன்.

யோசிங்க, யோசிங்க. …உங்க குதிரைப்படை ரொம்ப லட்சணமா இருக்கு. அத்தனையும் சிவப்பு! ஐஸ் வைக்கல, நெசமாத்தான். …என்ன, எது என்ன படைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? சரியான கேள்வி. இருங்க… இப்படி வெச்சுக்கலாமா? ஒவ்வொரு பலகையும் ஒரு வீடு. அந்த வீட்டுல யாரு பெரியவரோ, அவரு கையில என்ன இருக்கோ, அதான் அந்த வீட்டுக்கு ஆயுதம். மீசைக்காரர் வில்லு வெச்சிருக்காரா, அந்த வீடே வில்லு. இந்த நரைச்ச புருவம் துப்பாக்கி, அப்ப இது துப்பாக்கி வீடு. சண்டைன்னு வந்தா பெரியவங்க சொல்றதைத்தானே கேக்கணும்? …இதுவா? இந்த வீட்டுப் பெரியவர் முரசுக்காரரு. அவரு சண்டை போட மாட்டாரு. ஓரமா நிக்கட்டும், பாவம், மத்தவங்களுக்குத் தெம்பா இருக்கும்.

ஐயோ, என்ன இப்படிச் சிரிக்கிறீங்க? அந்த மேஜையெல்லாம் திரும்பிப் பாக்குது! கண்ணுல தண்ணி வருது, தொடைச்சுக்கோங்க. …சரியா? சரின்னா… ஆட ஒத்துக்கிட்டீங்களா? கூப்பிடுங்க அந்த விசில்காரரை! கடவுளே, நீங்க நல்லா இருப்பீங்க, உங்க குதிரையெல்லாம் நல்லா இருக்கும்!

இப்பவே ஆரம்பிக்கணுமா? பையன் வரலையே… நானா? எனக்கு என்ன தெரியும்! …பகடையை உருட்டினா போதுமா? நாலுக்கு மேல விழணும். சரி. துப்பாக்கி வீடுதான் முதல்ல. புருவக்காரரே, பாத்து. கடவுள் பேரைச் சொல்லி…

ஆறு! ஆறுதானே? இன்னொண்ணும் ஆறு! ஐயையோ, மன்னிச்சுக்கோங்க தம்பி, உங்காளு போயிட்டாரா? கொம்பு வெச்ச தலைக்கவசம் போட்டிருந்தாரே, அவரா? தளபதியா! வேணும்னு செய்யல தம்பி. பாவம், புள்ளகுட்டிக்காரர் மாதிரி இருந்தாரு… அவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, இப்படி சாஞ்ச மாதிரி வைங்க. ஆங். …இன்னும் ஒரு தடவை எனக்கே வாய்ப்பா? குடுங்க.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான்.

சொல்லுப்பா… எறக்கிட்டியா? எல்லாரும் நல்லா இருக்காங்களா? கடவுளுக்கு நன்றி. …இல்ல, பேரெல்லாம் அடிக்கல… ஓடி வரியா? எதுக்குப்பா ஓடற? ஒரு அவசரமும் இல்ல. கையைக் கழுவு, உக்காந்து சாப்பிடு, மெதுவா வா. …பலகையா? அது ஒரு பெரிய கதை, வீட்டுல பேசிக்கலாம். இப்ப வைக்கறேன், அம்மா ஜெயிச்சுக்கிட்டிருக்கேன்.

ம், தம்பி, நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. அந்தப் பகடையைக் குடுங்க.