பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடித்த ரேடியோ

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். சன்னலோரம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர், பீடி புகைத்துக்கொண்டிருந்தார்.

“பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் தம்பி ரேடியோவைத் திறந்தேன். அப்படியும் கரண்டு அடிச்சிருச்சு,” என்றார் முதலாளி.

“உள்ள கண்டன்சர் இருக்குல்ல அண்ணாச்சி. ரெண்டு தகடு, நடுவுல காயிதம். ஒரு தகட்டுல ஏறுன கரண்டு அடுத்ததுக்குத் தாவப் பாக்கும், காயிதம் விடாது. அந்தத் தவிப்புதான் உள்ள நிக்கிற சக்தி. பிளக்கைப் பிடுங்குனாலும் அது போகாது. நீங்க விரலை வச்சு வழி விட்டுட்டீக.”

“அப்ப நம்ம வெடி மாதிரிதான். காயிதத்துக்குள்ள அடங்கிக் கெடக்கும்.”

ரிப்பேர்காரர் பையிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு கண்டன்சரை எடுத்துக் காட்டினார். முதலாளி சன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

“இதுல கரண்டு இருக்கா?”

“இல்ல அண்ணாச்சி. ரெண்டு முனையையும் கம்பியால சேத்துக் கட்டியிருக்கேன், உள்ள இருந்ததெல்லாம் அது வழியாப் போயிருச்சு.”

“எதுக்கும் உள்ள வைங்க. இம்புட்டு சனம் போற பஸ்ஸுல இதையெல்லாம் கொண்டாரலாமா?”

ரிப்பேர்காரர் பையை இருக்கைக்கு அடியில் தள்ளினார். அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு சாக்குமூட்டையில் அது இடித்தது.

“இது என்ன?”

“கடைக்குக் கொண்டுபோற சரவெடி. பயப்படாதீக தம்பி, நெருப்புப் படாம அது ஒண்ணும் செய்யாது.”

சன்னலை முதலாளி உடம்பால் அடைத்துக்கொண்டிருந்தார், காலடியில் மூட்டை. ரிப்பேர்காரர் பீடியை எங்கே போடுவதென்று தெரியாமல், ஆமத்தூரில் பஸ் நிற்கும் வரைக்கும் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடியே வந்தார்.