கட்டைவிரல் லீவர்

இல்லைங்க, உங்களைக் கூப்பிடல. உக்காருங்க, பெஞ்சு தாங்கும். உள்ள ஒரு மூணு சக்கர வண்டி சுத்திக்கிட்டு இருக்கு பாருங்க, அது வெளிய வந்தாத்தான் உங்க வண்டிய உள்ள விடுவாங்க. டெஸ்ட் எடுக்குறவரு அவசரப்படுற ஆளு இல்ல. நானும் காலையில இருந்து இந்தச் சுவரு முனையிலயேதான் கிடக்குறேன். இந்த இடுக்கு வழியா பாத்தா மைதானம் முழுக்கத் தெரியும். அங்க இருந்து பாக்குறவங்களுக்கு நாம தெரிய மாட்டோம்.

ஓட்டுறவரா? தெரிஞ்சவருதான். தெரிஞ்சவருன்னா... என் தங்கச்சியக் கட்டினவரு. அந்த ஷெட்டுப் பக்கம் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க, அவதான் தங்கச்சி. நானும் அவரும் பேசிக்கிறது இல்ல. எத்தனை வருஷம்னு கேக்காதீங்க, எண்ணினா எனக்கே வயித்தெரிச்சலா இருக்கும்.

கொஞ்சம் பொறுங்க.

ம். ஒண்ணுமில்ல. வளைவுல எஞ்சின் சத்தம் ஏறுச்சு. வளைவுல இறங்கணும், நேர்ல ஏறணும். சரி, இப்ப இறங்கிருச்சு. நீங்க சொல்லுங்க, என்ன கேட்டீங்க?

எஞ்சின் என்னுது இல்லைங்க, அது கம்பெனிது. ஹேண்டில்பார்ல வலது பக்கம் கறுப்பா ஒரு துண்டு நீட்டிக்கிட்டு இருக்கே, கட்டைவிரல் கிட்ட, அது மட்டுந்தான் நான் செஞ்சது. ஆக்ஸிலேட்டர். உங்க வண்டில கைப்பிடிய முறுக்குவீங்க, வேகம் எடுக்கும். எல்லாராலயும் முறுக்க முடியாதே. மணிக்கட்டு திரும்பாதவங்க இருக்காங்க, விரலு போனவங்க இருக்காங்க. அவங்களுக்காகச் செஞ்சது இது. கைப்பிடி அசையாது. கட்டைவிரலால இந்த லீவரை அழுத்தினாப் போதும், கேபிளை இழுத்துக்கும். இப்பல்லாம் கடையிலயே கிடைக்குது, ஒத்துக்கிறேன். நான் முதல்ல செஞ்சப்போ எங்க பக்கத்துல எவனும் பாத்தது கிடையாது.

சண்டையே அதுலதான் வந்துச்சு. அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரே பட்டறை. வாடிக்கைக்காரங்க உக்காந்திருக்காங்க. நான் முதல் லீவரை மாட்டி, பெருமையா ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன். இவரு எந்திரிச்சு வந்தாரு. கட்டைவிரலை வாயில வச்சு, சப்பிக்கிட்டே, எங்க மச்சான் இன்னும் இந்தப் பழக்கத்தை விடலப்பா, இப்ப வண்டிக்கும் பழக்கி விட்டுட்டாருன்னாரு. சிரிச்சாங்க பாருங்க! ஒருத்தன் டீயத் தொடையில கொட்டிக்கிட்டும் சிரிச்சான். அன்னிக்கு விழுந்த பேரு. கட்டைவிரல். எங்க தெருவுல வந்து என் பேரைச் சொல்லிக் கேளுங்க, எவனுக்கும் தெரியாது. கட்டைவிரல் வீடு எதுன்னு கேளுங்க, நாய் கூட வழி காட்டும்.

சிரிங்க, பரவால்ல. எல்லாரும் சிரிக்கிறதுதான். நான் அன்னிக்கே என் சாமானை மூட்டை கட்டிக்கிட்டு வந்து தனியா பட்டறை போட்டேன். வீட்டுக்குப் போகணும்னா அவரு பட்டறையத் தாண்டித்தான் போகணும். தாண்ட மாட்டேன். அந்தப் பக்கமா சுத்திப் போவேன். கொட்டுற மழையிலயும் சுத்தித்தான் போவேன். ஒரு தடவை வழியில எதிர்ல வந்துட்டாரு. சைக்கிளோட திரும்பி, வந்த வழியே போனேன். எதையோ மறந்துட்டுத் திரும்புறேன்னு பாத்தவங்க நினைச்சிருப்பாங்க, நினைக்கட்டும்.

ஆமா, அவருக்குத்தான் செஞ்சு குடுத்திருக்கேன். பாசம்னு நினைச்சுக்காதீங்க. தங்கச்சி வந்து நின்னா. அவருக்கு நரம்புல ஏதோ கோளாறாம். கால் ரெண்டும் தேவலை. இடது கை சின்ன வயசுலயே பிரஸ் மெஷின்ல போனது, உள்ளங்கைய வச்சு ஹேண்டிலைத் தள்ளத்தான் அது ஆகும். மிச்சம் இருந்தது வலது கை. அதுலயும் மணிக்கட்டு மரம் மாதிரி ஆயிருச்சு. பட்டறையப் பூட்டியாச்சு. இவதான் தள்ளுவண்டில சரக்கைப் போட்டுக்கிட்டு கடை கடையா இறக்குறா. ஏத்தமான ரோடு. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா, மறுபடி தள்ளுவா. நான் பட்டறைக்குள்ள இருந்து பாத்திருக்கேன். அவரு ஒரு வண்டி ஓட்டினா இவ உக்காருவா, அவ்வளவுதான் விஷயம். வந்து கேட்டப்போ முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஆனா ஒண்ணு கறாரா சொல்லிட்டேன். செஞ்சு தர்றேன், அவரைப் பாக்க வரமாட்டேன். அவரு கையப் பிடிச்சு அளவெடுக்கிற சோலியெல்லாம் நம்மகிட்ட ஆகாது.

பின்ன எப்படியா? களிமண்ணு. நல்லா பிசைஞ்சு ஒரு தடிக் குச்சி மேல அப்பிக் குடுத்தேன். உன் வீட்டுக்காரரை வண்டி ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொல்லி எடுத்துட்டு வாம்மான்னேன். கொண்டு வந்தா. விரலு ரேகை வரைக்கும் பதிஞ்சிருந்துச்சு. ஆனா மண்ணு காஞ்சா சுருங்குமே, சரியான அளவு எங்க கிடைக்கும்? அதனால எல்லாத்தையும் நகர்ற மாதிரி வச்சேன். லீவரு விரலுக்குக் கிட்ட வரலாம், தள்ளிப் போகலாம், மேல கீழ சாயலாம். ஸ்பிரிங்கை இறுக்கலாம், தளர்த்தலாம். ஒரு ஸ்பேனர் இருந்தா வீட்டுல இருக்குறவங்களே கைக்குத் தக்கன திருப்பிக்கலாம். டெஸ்ட் எடுக்குறவரு பாத்துட்டு, ரொம்ப யோசிச்சுச் செஞ்சிருக்கீங்களேன்னாரு. என்னத்த யோசிச்சேன்? நேர்ல போய்ப் பாத்திருந்தா ஒரே அளவுல வச்சு வெல்டு அடிச்சிருப்பேன். அந்த மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு வைராக்கியம். அதுக்குத்தான் அத்தனை ஸ்க்ரூ.

இருங்க, இருங்க. நேர்ல வர்றாரு.

சத்தம் சீரா இருக்குல்ல? உங்களுக்கு என்ன தோணுது? ம். எனக்கும் அப்படித்தான் தோணுது.

பயமா? பயமெல்லாம் இல்ல. பழகினது ஒரு விதம், இப்ப ஓட்டுறது வேற விதம். அதான் காதைத் தீட்டி வச்சிருக்கேன். அந்த லீவரை இன்னிக்குக் காலையிலதான் திருப்பி மாட்டினேன். இங்கயே, இந்த மண்ணுல மண்டி போட்டு.

சொல்றேன். காலையில அவங்க ஒரு வண்டில வந்து இறங்கினாங்க, நான் தனியா வந்தேன். அவரு என் தங்கச்சி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அந்த ஷெட்டுக் கதவை எவனோ படார்னு சாத்தினான். எல்லாருந்தான் திடுக்கிட்டோம். நாம திடுக்கிட்டா அடுத்த நிமிஷம் தெளிஞ்சிருவோம். அவரும் தெளிஞ்சாரு, அவரு கை தெளியல. அவ மணிக்கட்டைக் கவ்வினது கவ்வினபடி நிக்குது. அவ பதறவே இல்ல. என்கிட்டப் பேசிக்கிட்டே, பட்டாணி உரிக்கிற மாதிரி ஒவ்வொரு விரலா எடுத்து விட்டா. கட்டைவிரலைக் கடைசியா எடுத்தா. அந்த இடம் வெளுத்துப் போய், அப்புறம் மெதுவா சிவந்துச்சு. பழைய தடமும் இருந்துச்சு, மஞ்சளா.

புரியுதுங்களா உங்களுக்கு? என் லீவரை அழுத்தினா வேகம். இந்தக் கை பயந்தா அழுத்தும். ரோட்டுல யாராவது சட்டுனு குறுக்க வந்தா இவரு பயப்படுவாரு, பயந்ததும் வண்டி முழு வேகத்துல பாயும். விடணும்னு இவரே நினைச்சாலும் கை விடாது. கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருக்கும், கை வண்டிய விரட்டிக்கிட்டு இருக்கும். அப்படி ஒரு சாமானைத்தான் மெனக்கெட்டுப் பாலிஷ் போட்டுக் குடுத்திருக்கேன்.

ஏம்மா இதை என்கிட்டச் சொல்லலன்னு கேட்டேன். நீ வந்து பாத்தாத்தானே அண்ணேன்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலை.

களிமண்ணுல அது தெரியாதுங்க. சாவகாசமா பிடிச்ச கைதான் அதுல இருக்கும்.

அப்பத்தான் திருப்பினேன். இடது கைக்காரங்களுக்கும் ஆகட்டுமேன்னு ரெண்டு பக்கமும் மாட்டுற மாதிரி துளை விட்டிருந்தேன், அதனால தப்பிச்சேன். லீவரை விரலுக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிட்டேன். இப்ப கட்டைவிரலை வெளிய விரிச்சு, நகப் பக்கத்தால தள்ளணும். தள்ளினாத்தான் ஓடும். கை இறுகுச்சுன்னா விரலு உள்ள மடங்கிரும், ஸ்பிரிங் லீவரை இழுத்துக்கும், எஞ்சின் அடங்கிரும். பயம் வந்தா வண்டி ஓயணும். அதுதான் இப்ப கணக்கு.

அதை அவருகிட்டச் சொல்லணுமே! பக்கத்துலயே நிக்கிறாரு. நான் தங்கச்சியப் பாத்து, உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லும்மா, இனிமே மடக்கினா நிக்கும், விரிச்சாத்தான் போகும்னேன். அவரு அவளைப் பாத்து, உங்கண்ணன்கிட்டக் கேளு, இத்தனை நாளா தலைகீழா மாட்டி வச்சிருந்தாராமான்னாரு. எனக்கு எப்படி இருக்கும்? அவ ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. எனக்குக் காது அடைச்சிருக்கு, நீங்களே பேசிக்கங்கன்னு ஷெட்டுப் பக்கம் போயிட்டா. பேசுவோமா? நான் கட்டைவிரலை விரிச்சுக் காட்டினேன். அவரும் விரிச்சுக் காட்டினாரு. மடக்கினேன், மடக்கினாரு. ரெண்டு கிழவனுங்க விரலை ஆட்டிக்கிட்டு நின்னோம். பாத்தவங்க என்ன நினைச்சாங்களோ.

திடீர்னு நிறுத்திக் காட்டுற சோதனையா? அதுவும் உண்டு. அது முடிஞ்சுருச்சு. நம்ம முதுகுக்குப் பின்னால ஒரு காலி டிரம் கிடக்குல்ல, டெஸ்ட் எடுக்குறவரு விசில் ஊதினதும் அதை இந்த முனையில இருந்து குறுக்க உருட்டி விடணும். உருட்ட ஆள் இல்லைன்னு என்னையே நிறுத்தினாங்க. உருட்டினேன். அழகா நின்னாரு. பிரேக்கை மிதிச்சாரு, விரலை எடுத்தாரு, நின்னாரு. டெஸ்ட் எடுக்குறவருக்குத் திருப்தி. தங்கச்சி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

நான் அவரு கைய மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கை இறுகவே இல்லைங்க. எப்படி இறுகும்? டிரம் வரும்னு முன்னாலயே சொல்லியாச்சு. விசில் வேற ஊதியாச்சு. கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டு அது உருண்டு வருது. அவரு விரலை எடுத்தாரு, வண்டி நின்னுச்சு. அவரு எடுக்காம, கை தானா இறுகினா நிக்குமா? அதை யாருமே பாக்கல. பாக்காமலே ஓட்டலாம்னு கையெழுத்து விழுந்துரும். நாளைக்கு ரோட்டுல போவாரு. அங்க எவன் விசில் ஊதிட்டுக் குறுக்க வர்றான்?

சொன்னேன், சொல்லாம இருப்பேனா? நல்ல மனுஷன், காது குடுத்துக் கேட்டாரு. சரிய்யா, நீ சொல்றது நியாயந்தான், இன்னொரு சுத்து விடுறேன், அவர்கிட்டச் சொல்லல, விசிலும் ஊதல, நீயா பாத்து உருட்டுன்னாரு. இப்ப ஓடிக்கிட்டு இருக்கிறது அந்தச் சுத்துதான்.

டிரம்முக்கு அவரு கை இறுகாதுங்க. சொல்லாம உருட்டினாலும் இறுகாது. ஒரு தடவை பாத்துட்டாரே, இன்னும் என்ன பயம்? அந்தக் கையப் பத்தி இப்ப எனக்கு ஓரளவு தெரியும். காலையில லீவரைத் திருப்ப நான் கிட்டப் போனேன் பாருங்க, அப்ப கவனிச்சேன். கதவு சாத்தல, ஒரு சத்தம் இல்ல. என்னைப் பாத்ததும், சீட்டுல உக்காந்திருந்த அவரு மடியிலயே அந்தக் கை கல்லு மாதிரி மூடிக்கிச்சு. அவரு அதை இன்னொரு கையால மறைச்சுக்கிட்டாரு. மறைச்சா எனக்குத் தெரியாதா?

அதோ, வளைவு திரும்பிட்டாரு. என் மூக்குக் கண்ணாடியக் கொஞ்சம் வச்சுக்கங்க, கீழ விழுந்தா உடைஞ்சு தொலையும். தங்கச்சி இந்தப் பக்கம் ஓடி வந்தா அவகிட்டக் குடுங்க.

இல்லைங்க, டிரம் கிடந்த இடத்துலயே கிடக்கட்டும். குறுக்க நான்தான் போறேன்.

சட்டைய விடுங்க. வண்டி வந்துருச்சு.