செருப்பு லாரி

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பேருந்தில், கிருமி என்று பயந்து மகனிடமிருந்து பாட்டில் மூடியைப் பிடுங்கினேன். அப்போது முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த பெரியம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

“பாப்பாவை வெளையாட்டுக் கிளாசுல சேத்தப் போறேனுங்க.”

“வெளையாடறதுக்குக் கிளாசா?”

“கற்பனை வெளையாட்டு இவளுக்கு வரலைன்னு பள்ளிக்கூடத்துல எழுதி உட்டுட்டாங்க. எனக்குத் தூக்கமே இல்லீங்க.”

பாப்பா தன் செருப்பைக் கழற்றி இருக்கையில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, புது லாரி. டயருக்கு அடியில வெக்க எலுமிச்சம்பழம் குடு.”

“சும்மா இரு சாமி, பேசிட்டிருக்கறமல்ல.”

பெரியம்மா தன் காய்கறிப் பையிலிருந்து ஒரு பழத்தை நீட்டினார். பாப்பா அதைச் செருப்புக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பை அதன் மேல் ஏற்றினாள்.

“நகருங்க, லோடு நாக்பூர் போகுது.”

“அப்ப இதென்ன கண்ணு?” என்றார் பெரியம்மா.

“இதுங்களா? இது சும்மா வெளையாடுதுங்க. கிளாசுக்குப் போனாத்தான் ஒழுங்கா வெளையாடும்.”

அம்மா லாரியைப் பிடுங்கிப் பாப்பாவின் காலில் மாட்டினார். பாப்பா அழுதாள்.

நான் மூடியைத் துடைத்து மகனிடம் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை நேராக வாயில் வைத்தான். அது கற்பனையில் சேருமா என்று தெரியவில்லை.