அணைந்த தீ

கேரம் பலகையில் தூவுகிறோமே வெள்ளைப் பொடி, அது போரிக் அமிலம்தான் சார். காய்கள் வழுக்கிக்கொண்டு ஓடும். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நானும் என் மனைவியும் ஆடுவோம். அவள்தான் ஜெயிப்பாள். ஜெயித்துவிட்டு, "பாவம், அடுத்த ஆட்டத்துல பாத்துக்கலாம்" என்று என் தோளைத் தட்டுவாள். அதை நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

இருவரும் ஒரே பள்ளியில் வேதியியல் ஆசிரியர்கள். நான் அவளுக்கு முன்பே சேர்ந்தவன். என் வகுப்பில் பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். அவள் வகுப்பில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கம்பி வளையத்தில் வெண்காரத்தை உருக்கிக் கண்ணாடி மணியாக்குவாள். கோபால்ட் உப்பைத் துளி தொட்டு மறுபடி தீயில் காட்டினால் மணி கருநீலமாகிவிடும். அதை வாங்கப் பிள்ளைகளுக்குள் அடிபிடி நடக்கும். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பச்சைத் தீ. போரிக் அமிலத்தை மெத்தில் ஆல்கஹாலில் கலந்து கொளுத்தினால் தளிர் நிறத்தில் எரியும். பள்ளிக்கூடமே அவளைப் 'பச்சை மிஸ்' என்றது. என்னைப் 'பச்சை மிஸ் வீட்டுக்காரர்' என்றது.

அவளைத் துறைத் தலைவி ஆக்கிய அன்று இனிப்பு வாங்கி வந்தவன் நான். "உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?" என்று கேட்டாள். "எனக்கென்ன வருத்தம்?" என்றேன். நிஜமாகவே இல்லை சார். கேட்கும்போது அவள் முகத்தில் எனக்காக ஒரு பரிதாபம் இருந்தது. அந்த முகத்தில் அது இருக்கக் கூடாது என்று மட்டும் பட்டது.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள். பச்சைத் தீக்கான கிண்ணத்தைத் தயார் செய்வது எப்போதும் என் வேலை. அன்றைக்குப் பொடியைக் குறைத்துப் போட்டேன். பொடி தீர்ந்தால் பச்சை போய்விடும், ஆல்கஹால் மட்டும் எரியும். நல்ல வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. வழக்கமாகத் திரையை இழுத்து இருட்டாக்கித்தான் காட்டுவாள். "போட்டோ எடுக்கணும், திரை வேணாமே" என்றேன். சரி என்றாள். நான் சொன்னால் பெரும்பாலும் சரி என்பாள், அதைக் குறை சொல்ல மாட்டேன். முன்வரிசைப் பிள்ளைகளை எழுப்பிப் பின்னால் உட்கார வைத்தேன். ஊரான் பிள்ளைகள். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

பச்சை எரிந்தது, கை தட்டினார்கள், மங்கிப் போனது. "அவ்ளோதானா மிஸ்?" என்று ஒரு குரல் வந்தது. அவள் ஆல்கஹால் பாட்டிலை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, அணஞ்சிடுச்சா?"

நான் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றேன். புறங்கையில் சூடு அடித்தது.

"அணஞ்சிடுச்சு. ஊத்து."

பாட்டிலே பற்றிக்கொண்டு அவள் பக்கம் சீறியது. பிள்ளைகள் கத்தினார்கள். அவள் கத்தவில்லை, மூச்சு இருந்திருக்காது. கம்பளியைப் போட்டு அணைத்தது நான்தான். முதலில் போட்டோ எடுத்துவிட்டுத்தான் அணைத்தேன் என்று யாரோ சொன்னார்களாம். கேமரா கையில் இருந்தது, விரல் தானாக அழுத்தியிருக்கும்.

விபத்து என்று முடிந்தது. கண் இரண்டும் போய்விட்டது. முடி இல்லை, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தீக்காயம் என்றால் வழக்கமாகச் சொல்வதுபோல, வீட்டில் கண்ணாடிகளை எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். நான் எடுக்கவில்லை. பார்க்கப்போவது நான் ஒருவன்தானே. நானே ஊட்டுகிறேன், நானே துடைத்துவிடுகிறேன். சோறு ஆறட்டும் என்று சில நேரம் கொஞ்சம் காக்க வைப்பேன். வாயைத் திறந்தபடி காத்திருப்பாள். எங்களுக்குள் இவ்வளவு ஒற்றுமை முன்பு இருந்ததே இல்லை. பழைய மாணவர்கள் பார்க்க வந்தால் தூங்குகிறாள் என்று அனுப்பிவிடுவேன்.

பக்கத்து வீட்டம்மாவின் போனை வாங்கி அவளே உங்கள் ஸ்டேஷனுக்குப் பேசினாள் என்கிறீர்கள். அணைந்துவிட்டது என்று நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். செய்தது நான்தான், தெரிந்துதான் செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் கூப்பிட்டிருக்க மாட்டாள் சார். அந்தம்மா தூண்டிவிட்டிருப்பாள். என்னைக் கேட்காமல் அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுங்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் பயந்துவிடுவாள்.